கென்னலியும் என் மாமாவின் மோட்டாரும்



மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, புலவர் ஒருவரையோ நாட்டுத் தலைவர் ஒருவரையோ நான் எழுதித் தருவேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஆர்தர் எட்வின் கென்னலி என்னும் மின்னியல் அறிஞர். வானொலி அலைகளைப் பற்றிப் படித்த நண்பர்களுக்கு அவர் பெயர் பழக்கமானது. மற்றவர்கள், இவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். எனக்கு உள்ள உறவு ஒரு தவறான கணக்கின் வழியாக வந்தது. ஆகையால் அந்தத் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு அவர் கதைக்கு வருகிறேன்.

என் ஊர் வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். அங்கே என் தாய்மாமனுக்கு ஒரு கிணறும் சிறு கத்தரித் தோட்டமும் உண்டு. கிணற்றுக்கு ஒரு சிறிய மோட்டார் வாங்கினார். வீட்டில் மின்னியல் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? பியூஸ் எவ்வளவுக்குப் போடலாம் என்று என்னைக் கேட்டார். நான் முதலாண்டு முடித்திருந்த பெருமிதத்தில், காகிதம்கூட எடுக்காமல் விடை சொன்னேன். மோட்டார் இழுக்கும் திறன் 750 வாட். மின்னழுத்தம் 250 வோல்ட். வகுத்தால் 3 ஆம்பியர். அதற்கு ஏற்ற மெல்லிய கம்பி போதும் என்றேன். எண்களை இங்கே கணக்குக்கு எளிதாக வட்டமாக்கியிருக்கிறேன். தவறு மட்டும் அப்படியே இருக்கிறது.

பியூஸ் நாள்தோறும் போயிற்று. கோடைக்காலம், செடி வாடியது. தோட்டத்தில் வேலை செய்தவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எல்லா ஊரிலும் செய்வதுபோல், கம்பியை நாலைந்து இழையாக முறுக்கிப் போட்டுவிட்டார். அதன் பின் பியூஸ் போகவே இல்லை. ஒரு நாள் பம்பில் மணல் அடைத்து மோட்டார் சுழலாமல் நின்றபோதும் போகவில்லை. சுருள் கருகி, மோட்டார் புகைந்துவிட்டது. மறுபடி சுருள் சுற்ற ஆன செலவை மாமா என்னிடம் சொல்லவில்லை. ஒரு சொல் கடிந்தும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

அந்த மோட்டார் உண்மையில் இழுத்தது 5 ஆம்பியர். 3 எங்கே, 5 எங்கே? இடையில் இருந்த 2 ஆம்பியரைத் தேடிக்கொண்டு போனபோதுதான் கென்னலியைச் சந்தித்தேன்.

அவர் பிறந்த இடமே எனக்கு முதல் வியப்பு. 1861ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், பம்பாயில், கொலாபாவில் பிறந்தார். தந்தை டேவிட் ஜோசப் கென்னலி அயர்லாந்துக்காரர். இந்தியக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். ஆர்தர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். குழந்தை ஐரோப்பாவுக்குப் போயிற்று. பல பள்ளிகளில் மாறி மாறிப் படித்தது. கடைசியில் லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் பள்ளியில் சேர்ந்தது. அங்கும் படிப்பு நீளவில்லை. பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டு, லண்டனில் இருந்த தந்திப் பொறியாளர் சங்க அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். அதற்குமேல் அவர் எந்தக் கல்லூரியிலும் மாணவராக அமரவில்லை. பட்டங்கள் பின்னாளில் மதிப்புப் பட்டங்களாக அவரைத் தேடிவந்தன.

1876இல் ஈஸ்டர்ன் தந்திக் கம்பெனியில் இடம் கிடைத்தது. கடலுக்கடியில் தந்தி வடங்களைப் போட்டுப் பராமரிக்கும் பெரிய நிறுவனம் அது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன் வழியாக சூயஸுக்குப் போடப்பட்ட கடல்வடமும் அந்நிறுவனத்தின் வசமே வந்து சேர்ந்திருந்தது. அங்கே ஏறத்தாழ பத்தாண்டுகள். வடக்கப்பல்களில் மின்னியலாளராக உயர்ந்தார். பகலில் வேலை, மற்ற நேரத்தில் கணிதமும் மின்னியலும். ஆசிரியர் என்று எவரும் கப்பலில் இல்லை.

ஆனால் கடல்வடமே நல்ல ஆசிரியர் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலத்தில் கம்பியை இழுத்தால் ஒரு முனையில் கொடுத்த குறி மறுமுனையில் உடனே தெரியும். கடலுக்கடியில் அப்படி அல்ல. நடுவே செம்பு, சுற்றிலும் காப்புப்பொருள், அதற்கு வெளியே உப்புநீர். மொத்த வடமும் ஒரு நீண்ட மின்தேக்கி ஆகிவிடுகிறது. கொடுத்த மின்னை முதலில் அது விழுங்குகிறது. பிறகு மெல்லக் கக்குகிறது. கூர்மையாகக் கொடுத்த குறி கரைந்து, நீண்டு, காலந்தாழ்ந்து போய்ச் சேர்கிறது. மின்தடை ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வடத்தைக் கையாள முடியாது. மின்னைத் தேக்கித் திருப்பித் தரும் பொருள்களையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். இந்தப் பாடத்தைப் பையன் கடலில் கற்றுக்கொண்டான். பின்னாளில் நாம் வகுப்பில் படும் பாட்டுக்கெல்லாம் தீர்வு அதில்தான் விதையாக இருந்தது.

1887இல் கென்னலி அமெரிக்கா சென்று தாமஸ் எடிசனிடம் தலைமை மின்னியல் உதவியாளராகச் சேர்ந்தார். வயது ஏறத்தாழ இருபத்தாறு. நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் எடிசனின் புதிய ஆய்வுக்கூடம் அப்போதுதான் எழும்பியது. பள்ளிப்படிப்பை முடிக்காத ஒருவர், அதேபோல் படிப்பை முடிக்காத இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் கதை இங்கே கசக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது.

அந்நாளில் இரு மின்னோட்டங்களுக்கிடையே பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. எடிசன் பக்கம் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம், அதாவது டி.சி. எதிர்ப்பக்கம் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். அவர் கையில் நொடிக்குப் பலமுறை திசைமாறும் மின்னோட்டம், அதாவது ஏ.சி. ஏ.சி.யை டிரான்ஸ்பார்மரால் உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றித் தொலைதூரம் அனுப்பலாம். டி.சி.யை அந்நாளில் அப்படி அனுப்ப வழியில்லை. வணிகத்தில் தோற்கும் நிலை வந்ததும், ஏ.சி. ஆளைக் கொல்லும் மின்சாரம் என்று மக்களுக்குக் காட்ட எடிசன் தரப்பு முனைந்தது. ஹரால்டு பிரௌன் என்பவர் 1888இல் நாய்களையும், அதே ஆண்டின் இறுதியில் கன்றுகளையும் ஒரு குதிரையையும் ஏ.சி.யால் கொன்று காட்டினார். அந்தச் சோதனைகளுக்கு இடம் கொடுத்தது எடிசனின் ஆய்வுக்கூடம். உடனிருந்து உதவியவர் கென்னலி. இதன் தொடர்ச்சியாகவே நியூயார்க் மாநிலத்தில் மின்நாற்காலி வந்தது. 1890 ஆகஸ்டில் முதல் மனிதன் அதில் உயிர்விட்டான்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிடலாமா என்று நினைத்தேன். வேலைக்காரன் முதலாளி சொன்னதைச் செய்தான் என்று சமாதானம் கூறலாம். எனக்கு அது போதவில்லை. அறிவுள்ள ஒருவர் அறிவுக்குப் பொருந்தாத ஒரு பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர் செய்ததையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும். அதற்காகத் தொடர்ந்து படித்தேன்.

1893ஆம் ஆண்டு போரின் முடிவாண்டு. அவ்வாண்டு மே மாதம் சிகாகோவில் தொடங்கிய உலகக் கண்காட்சியை வெஸ்டிங்ஹவுஸின் ஏ.சி. விளக்குகள் ஒளிபெறச் செய்தன. நயாகரா அருவியில் அமையவிருந்த மின்நிலையத்துக்கும் ஏ.சி.யே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் வென்ற மின்சாரத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் திண்டாடினர். டி.சி.க்கு ஓம் விதி ஒன்று போதும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும். ஏ.சி.யிலோ அழுத்தமும் ஓட்டமும் அலையாய் ஏறி இறங்கும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கா. ஒவ்வொரு சுற்றுக்கும் நுண்கணிதச் சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டும். சிறிய சுற்றுக்கே பக்கங்கள் நிறையும்.

அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் கென்னலி ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு ஒரே சொல்: இம்பீடன்ஸ். அந்தச் சொல்லை 1886இலேயே ஆலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கில அறிஞர் படைத்திருந்தார். கென்னலி செய்தது, அந்த இம்பீடன்ஸை ஒரு கலப்பெண்ணாக எழுதியது. அப்படி எழுதிவிட்டால், டி.சி.க்குச் சொன்ன பழைய ஓம் விதியே ஏ.சி.க்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். தொடர்ச் சுற்றோ, பக்கச் சுற்றோ, கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டே, எடிசன் எதிர்த்த மின்சாரத்துக்கு அவர் இலக்கணம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கலப்பெண் என்றதும் கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வயல்வரப்பில் நடக்கத் தெரிந்தால் இது விளங்கும். மாமாவின் கிணற்றடியிலிருந்து கிழக்கே 30 அடி நடக்கிறேன். இடப்பக்கம் திரும்பி வடக்கே 40 அடி நடக்கிறேன். நடந்தது 70 அடி. ஆனால் கிணற்றிலிருந்து நேராக நூல் பிடித்தால் நான் நிற்பது 50 அடித் தொலைவில்தான். செங்கோண முக்கோணம், 30, 40, 50. கணிதத்தில் வரும் ஜே என்னும் குறி, இடப்பக்கம் செங்கோணமாகத் திரும்பு என்று இடும் கட்டளைதான். இரண்டு முறை திரும்பினால் வந்த திசைக்கே எதிராக நிற்போம்; அதாவது மைனஸ் ஒன்று. இதனால்தான் ஜேயை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்கிறார்கள். கற்பனை எண் என்று பெயர் வைத்து நம்மை மிரட்டிவிட்டார்கள்; அது வெறும் திருப்பம்.

இனி மோட்டாருக்கு வருவோம். மோட்டாரின் உள்ளே சுருள் இருக்கிறது. ஓடும் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் சுருள் எதிர்த்து நிற்கும். மின்னோட்டம் மிக வேகமாக மாறுவது எப்போது? உச்சியில் அன்று, சுழியைக் கடக்கும் கணத்தில். ஊஞ்சல் அடிமட்டத்தைக் கடக்கும்போது மிக விரைந்து செல்வதுபோல. ஆகவே சுருளின் மேல் விழும் அழுத்தம் உச்சியில் இருக்கும் கணத்தில் மின்னோட்டம் சுழியில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று கால் சுற்று வேறுபாடு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 20 மில்லிநொடி. கால் சுற்று 5 மில்லிநொடி. அந்த 5 மில்லிநொடித் தாமதத்தைத்தான் கென்னலி செங்கோணத் திருப்பமாக வரைந்தார்.

மாமாவின் மோட்டாரை 30 ஓம் மின்தடை, 40 ஓம் ரியாக்டன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ரியாக்டன்ஸ் என்பது சுருளின் எதிர்ப்பு. இம்பீடன்ஸ் 30 + ஜே 40. அளவு 70 அன்று, 50 ஓம். 250 வோல்டை 50ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். இதுதான் கம்பியில் ஓடியது, பியூஸைச் சுட்டது.

அப்படியானால் 750 வாட் என்பது பொய்யா? அதுவும் மெய்தான். திறனைச் செலவிடுவது மின்தடைப் பகுதி மட்டும். 5ஐ 5ஆல் பெருக்கி 30ஆல் பெருக்கினால் 750 வாட். சுருள் பகுதி எதையும் செலவிடுவதில்லை. ஒரு கால் சுற்றில் ஆற்றலை வாங்கிக் காந்தப்புலமாகச் சேமிக்கிறது. அடுத்த கால் சுற்றில் அப்படியே திருப்பித் தருகிறது. அந்தக் காந்தம் இல்லாவிட்டால் மோட்டார் சுழலாது. எனவே அது வீண் அன்று. ஆனால் அந்த ஆற்றல் டிரான்ஸ்பார்மருக்கும் கிணற்றுக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கிறது. வேலை ஒன்றும் செய்யாமல் வண்டியில் போய்த் திரும்பும் பயணியானாலும் மாடுகள் சுமக்கத்தானே வேண்டும்? அதுபோல் கம்பி அந்த மின்னோட்டத்தையும் சுமக்கிறது, அதற்காகவும் சூடேறுகிறது.

250 வோல்டையும் 5 ஆம்பியரையும் பெருக்கினால் 1250 வோல்ட்-ஆம்பியர். அதில் உழைக்கும் பங்கு 750. இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.6. இதையே பவர் பேக்டர் என்கிறோம். போய்வரும் பங்கு 5ஐ 5ஆல் பெருக்கி 40ஆல் பெருக்கியது, அதாவது 1000. 750, 1000, 1250: மீண்டும் அதே செங்கோண முக்கோணம். நான் 750ஐ 250ஆல் வகுத்து 3 என்று சொன்னபோது, ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு முழுத் தொலைவையும் அளந்ததாக எண்ணிக்கொண்டேன். தொலைந்துபோன 2 ஆம்பியர் இப்படிக் கிடைத்தது.

நிற்க. இந்தப் புகழ் முழுவதும் கென்னலிக்கே சேரும் என்று எழுதினால் அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் அளந்ததாகும். அதே 1893 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த மின்னியலாளர் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண் முறையை இன்னும் விரிவாக எடுத்துரைத்தார். அழுத்தம், ஓட்டம், இம்பீடன்ஸ் அனைத்தையும் ஒரே முறையில் அடக்கி, பின்னர் நூல்களாகவும் எழுதிப் பொறியாளர் உலகம் முழுவதற்கும் கற்பித்தார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த, முதுகு கூனிய ஏழை இளைஞர் அவர். பாடநூல்களில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருப்பது முறையே. கென்னலி நான்கு மாதம் முந்தியவர் என்பதும் மறக்கத்தக்கது அன்று.

1894இல் எடிசனை விட்டு விலகி, எட்வின் ஹூஸ்டன் என்பவருடன் சேர்ந்து பிலடெல்பியாவில் ஆலோசனைப் பொறியாளரானார். இருவரும் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஏற்ற மின்னியல் நூல்கள் பல எழுதினர். 1898 முதல் 1900 வரை, தாம் கட்டுரை படித்த அதே கழகத்துக்கு அவர் தலைவராக இருந்தார். 1902இல் மெக்சிகோ அரசுக்காக வெராகுரூஸ் முதல் கம்பேச்சே வரை கடல்வடம் போடும் பணியை நடத்திக் கொடுத்தார். பையனாக ஏறிய வடக்கப்பலை அவர் மறந்துவிடவில்லை.

அவ்வாண்டிலேயே அவர் பெயரை நிலைநிறுத்திய இன்னொரு செயலும் நடந்தது. 1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூபவுண்ட்லாந்துக்கு வானொலிக் குறி அனுப்பினார். உலகம் உருண்டை, வானொலி அலையோ நேராகச் செல்வது. கடலின் முதுகைத் தாண்டி அது எப்படி வளைந்தது? 1902 மார்ச்சில் கென்னலி ஒரு பத்திரிகையில் விடை எழுதினார். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மிகவும் மெலிந்த இடத்தில், மின்கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும். அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்றார். அவ்வாண்டிலேயே ஹெவிசைடும் தனியே இம்முடிவுக்கு வந்தார். இருவர் பெயரும் சேர்த்து அந்த அடுக்கு கென்னலி–ஹெவிசைட் அடுக்கு எனப்பட்டது. 1924இல் ஆப்பிள்டன் சோதனையால் அதை மெய்ப்பித்து, 1947இல் நோபல் பரிசு பெற்றார். நம் பாட்டன் பாட்டிமார் சிற்றலையில் தொலைநாட்டு நிலையங்களைத் திருப்பிக் கேட்டார்களே, அந்த அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பும் விந்தைக்கு முதன்முதல் இப்படித்தான் விளக்கம் கிடைத்தது.

1902ஐப் பற்றி நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. சித்தூருக்கு மேற்கே கோலார் தங்கச்சுரங்கம். மைசூர் அரசு காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, அவ்வாண்டு கோலாருக்கு மின்சாரம் கொண்டுசேர்த்தது. அந்நாளில் உலகில் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. அதில் ஓடியது ஏ.சி. டி.சி.யை நம்பியிருந்தால் காவிரியின் வேகம் கோலாரின் ஆழத்துக்கு எட்டியிராது.

பள்ளியை விட்ட அந்தப் பையன் 1902இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். 1930 வரை அங்கே கற்பித்தார். 1913 முதல் 1924 வரை மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் சேர்ந்து பணியாற்றினார். நெடுந்தொலைவுக் கம்பிகளுக்கு வேண்டிய கலப்பெண் அட்டவணைகளைப் பொறுமையாகக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். கால்குலேட்டர் இல்லாத நாளில் அது எத்தனை பொறியாளர்களின் இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மீட்டர், கிலோகிராம் முறையை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று வாதாடினார். மனிதரும் குதிரைகளும் ஓடும் பந்தயங்களின் நேரங்களைத் திரட்டி, தொலைவு கூடக் கூடக் களைப்பு எவ்வாறு கூடுகிறது என்று 1906இல் ஒரு விதிகூடக் கண்டார். 1933இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவருக்கு எடிசன் பதக்கம் வழங்கியது. எடிசன் எதிர்த்த மின்சாரத்துக்கு வழிவகுத்தவருக்கு எடிசன் பெயரிலேயே பதக்கம்! 1939 ஜூன் 18ஆம் நாள் பாஸ்டனில், 77ஆம் வயதில் காலமானார்.

அவர் வாழ்க்கையைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றவை இரண்டு. ஒன்று, பட்டம் இல்லாத ஒருவர் பட்டம் பெறப்போகும் நம் எல்லோருக்கும் கணக்கை எளிதாக்கிக் கொடுத்தார். நாமோ எளிதான அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் விடை சொல்லுகிறோம். நான் சொன்னேன், மாமாவின் மோட்டார் கருகியது. இரண்டாவது, தவறான பக்கத்தில் நின்ற நாட்களை அவர் வாழ்க்கையிலிருந்து அழிக்க முடியாது. 1893ஐக் காட்டி 1888ஐ மறைக்கவும் கூடாது; 1888ஐக் காட்டி 1893ஐத் தள்ளவும் கூடாது. திசை வேறான இரண்டை வெறுமனே கூட்டவோ கழிக்கவோ முடியாது என்பதுதானே அவர் நமக்குக் கற்பித்தது? இரண்டையும் அதனதன் திசையிலேயே வைத்துப் பார்க்கிறேன்.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சுருள் சுற்றிய மோட்டார் மீண்டும் கிணற்றடியில் இருந்தது. இம்முறை காகிதம் எடுத்தேன். சுருள் வாங்கித் திருப்பித் தரும் ஆற்றலை, அதற்கு நேர் எதிர்த்திருப்பம் கொண்ட மின்தேக்கியைப் பக்கத்திலேயே வைத்து அங்கேயே கொடுத்து வாங்கச் செய்யலாம். டிரான்ஸ்பார்மர் வரை அது அலைய வேண்டியதில்லை. முழுவதும் ஈடுசெய்ய 4 ஆம்பியர் இழுக்கும் மின்தேக்கி, அதாவது ஏறத்தாழ 51 மைக்ரோபாரட் வேண்டும். மோட்டாரில் முழுக்க ஈடுசெய்வது நல்லதன்று என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால் 36 மைக்ரோபாரட் போதும் என்று முடிவு செய்தேன். அதன் பங்கு ஏறத்தாழ 700. 1000இல் அது போக மிச்சம் 300. 750க்கும் 300க்கும் செங்கோண முக்கோணம் போட்டு, 250ஆல் வகுத்தேன். வந்தது 3.2 ஆம்பியர்.

மின்பணியாளர் வந்து மின்தேக்கியைப் பொருத்தினார். ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் ஒன்றும் மாட்டினார். முறுக்கிய கம்பியைப் பிடுங்கி எறிந்தார். சுவிட்சைப் போட்டுக் கம்பியைக் கிளாம்ப் மீட்டரால் அளந்தார். முன்பு 5ஐ ஒட்டி நின்ற எண், என் காகிதத்தில் இருந்த எண்ணுக்கு மிக அருகில் வந்து நின்றது.

நான் மாமாவிடம் காகிதத்தை நீட்டி, முக்கோணத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, இதை முதலிலேயே எழுதிப் பார்த்திருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.